உதவி தேவை: ‘ஃபேக்ட்’, ‘பாசிபிலிட்டி’ மாதிரிச் சொற்களுக்குப் பின்னால் தட் வருமா, விச் வருமா?

கடிதக்காரன்:
நண்பர்களே, வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்கு மின்னஞ்சல் எழுதுவதுதான் என் வேலை. அனுப்புவதற்கு முன் மேலாளரிடம் காட்டிய ஒரு கடிதம் சிவப்புக் கோடுகளோடு திரும்பி வந்திருக்கிறது. மூன்று இடத்தில் திருத்தம், காரணம் எதுவும் இல்லை. கேட்டால், “படித்துப் பார், காதுக்கே தெரியும்” என்கிறார். என் காதுக்குத் தெரியவில்லையே, என்ன செய்ய!

முதல் இடம்: “தி ஃபேக்ட் விச் தி பேமென்ட் வாஸ் டிலேட்” என்று எழுதியிருந்தேன். விச்சை அடித்துத் தட் போட்டிருக்கிறார். இரண்டாவது: “டிஸ்பைட் தட் வி சென்ட் எ ரிமைண்டர்”. இதில் டிஸ்பைட்டுக்கும் தட்டுக்கும் நடுவில் “தி ஃபேக்ட்” என்று செருகியிருக்கிறார். மூன்றாவது: “தேர் இஸ் எ பாசிபிலிட்டி டு கெட் எ ரீஃபண்ட்”. அது “பாசிபிலிட்டி தட் யூ வில் கெட் எ ரீஃபண்ட்” ஆகிவிட்டது.

ஹூ ஆளுக்கு, விச் பொருளுக்கு, தட் இரண்டுக்கும் என்றுதான் பள்ளியில் சொல்லிக்கொடுத்தார்கள். ஃபேக்ட் ஆள் இல்லை. அப்புறம் விச் ஏன் கூடாது?

அவசரக்குடுக்கை:
விச் தப்பே இல்லை. “தி ஃபேக்ட் விச் ஹி மென்ஷன்ட்” என்று எத்தனையோ இடத்தில் பார்த்திருக்கிறேன். அதை மேலாளரிடம் எடுத்துக் காட்டுங்கள்.

திண்ணை வாத்தியார்:
காட்டிவிடாதீர்கள், இன்னொரு சிவப்புக் கோடு விழும். அவசரக்குடுக்கை சொன்ன வாக்கியமும் சரி, மேலாளரின் திருத்தமும் சரி. இரண்டும் வேறு வேறு அமைப்பு.

தட்டுக்கோ விச்சுக்கோ பின்னால் வருவதை மட்டும் தனியாக வெட்டி எடுத்துப் படியுங்கள். “தி பேமென்ட் வாஸ் டிலேட்”. பணம் தாமதமானது, அவ்வளவுதான். வாக்கியம் முழுசாக நிற்கிறது, எதுவும் குறையவில்லை. அடுத்து “ஹி மென்ஷன்ட்”. அவர் குறிப்பிட்டார், சரி, எதை? அங்கே ஒரு இடம் காலியாக இருக்கிறது. ஃபேக்ட் என்ற சொல்தான் அந்தக் காலி இடத்துக்கு உரியது. இப்படி இடம் காலியாக இருந்தால் தட்டும் வரும், விச்சும் வரும், இரண்டையும் விட்டுவிட்டு “தி ஃபேக்ட் ஹி மென்ஷன்ட்” என்றும் எழுதலாம். நீங்கள் பள்ளியில் படித்த விதி இதற்கு மட்டும்தான். காலி இடமே இல்லாமல், அந்த ஃபேக்ட் என்ன என்பதையே பின்னால் வரும் வாக்கியம் சொல்கிறது என்றால் தட் மட்டும்தான். விச்சுக்கு அங்கே வேலை இல்லை.

நமக்கு இது புதிதும் இல்லை. “பணம் தாமதமானது என்ற உண்மை”, “அவர் குறிப்பிட்ட உண்மை”. முதலாவதில் ‘என்ற’ தானாக வந்து விழுகிறது, இரண்டாவதில் வரவில்லை. தமிழில் சொல்லிப் பார்க்கும்போது ‘என்ற’ கேட்டால் ஆங்கிலத்தில் கண்ணை மூடிக்கொண்டு தட் போடுங்கள்.

இணையத்தில் மேலும் தேடினால் பெயரில் குழம்புவீர்கள் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். காலி இடம் உள்ளது ரிலேட்டிவ் கிளாஸ் (கிளாஸ் என்றால் இங்கே துணை வாக்கியம்). மற்றதை 1985-இல் வெளியான க்வெர்க் குழுவினரின் ஆங்கில இலக்கண நூல் அப்பாசிட்டிவ் கிளாஸ் என்கிறது. 2002-இல் வந்த ஹடில்ஸ்டன், புல்லம் இலக்கணத்தில் அதுவே கன்டென்ட் கிளாஸ். சரக்கு ஒன்றுதான்.

இரண்டாவது திருத்தம் எளிது. டிஸ்பைட், டியூ டு, பிகாஸ் ஆஃப் எல்லாம் பெயர்ச்சொல்லைத்தான் தாங்கும், நேராகத் தட்டைத் தாங்காது. அதனால்தான் நடுவில் “தி ஃபேக்ட்” என்று ஒரு முட்டுக் கொடுத்திருக்கிறார். இன், எக்ஸெப்ட் இரண்டும் விதிவிலக்கு. “இன் தட்”, “எக்ஸெப்ட் தட்” என்று நேராகவே வரும். ஆனால் என்னைக் கேட்டால் அந்த முட்டே வேண்டாம். “ஆல்தோ வி சென்ட் எ ரிமைண்டர்” என்று எழுதுங்கள். “டியூ டு தி ஃபேக்ட் தட்” என்று எழுதும் இடத்தில் பாதிக்கு மேல் வெறும் பிகாஸ் போதும்.

மூன்றாவதுக்குச் சூத்திரம் கிடையாது, சொல்லுக்குச் சொல் பழக வேண்டியதுதான். பாசிபிலிட்டிக்குப் பின்னால் தட் வரும், ஆஃப் வரும். டு ஒட்டாது. அபிலிட்டி, பர்மிஷன், அட்டெம்ப்ட் மூன்றும் நேர்மாறு, டு கேட்கும். சான்ஸ் தட், ஆஃப், டு மூன்றையும் ஏற்கும், ஆனால் பொருள் மாறும். “எ சான்ஸ் டு ஸ்பீக்” என்றால் பேச வாய்ப்பு. “எ சான்ஸ் தட் இட் வில் ரெயின்” என்றால் மழை வரக்கூடும். தட் ஏற்கும் வினையிலிருந்து பிறந்த பெயர் பெரும்பாலும் தட் ஏற்கும்: பிலீஃப், கிளெய்ம், ஹோப், ஃபியர், சஜஷன். டிஸ்கஸ் என்ற வினை ஏற்காது, அதனால் “டிஸ்கஷன் தட்” என்பதும் கிடையாது. வினை இல்லாமலே தட் ஏற்கும் ஃபேக்ட், நியூஸ், ஐடியா மாதிரி சிலதைத் தனியாக நினைவில் வைக்க வேண்டும்.

மழைக்குருவி:
வாத்தியார் சொன்ன சோதனையே மாட்டிக்கொள்ளும் ஒரு வாக்கியம் இருக்கிறது. “ஐ காட் தி மெசேஜ் தட் ஹி லெஃப்ட்.” லெஃப்ட் என்றால் விட்டுச்சென்றார், கிளம்பிப் போனார், இரண்டும்தானே. அவர் விட்டுச்சென்ற தகவல் கிடைத்ததா, அவர் கிளம்பிவிட்டார் என்ற தகவல் கிடைத்ததா? எழுத்தில் பார்த்தால் தெரியாது. விச் போட்டால் விட்டுச்சென்ற தகவல் என்று உறுதியாகிவிடும். கிளம்பியதைச் சொல்ல “தட் ஹி ஹாட் லெஃப்ட்” என்று எழுதினாலும் முழுதாகத் தெளியாது, “ஸேயிங் ஹி ஹாட் லெஃப்ட்” என்று மாற்றிவிடுவதே நல்லது.

‘என்ற’ சோதனைக்கும் ஒரு எச்சரிக்கை. “அவர் இறந்த செய்தி கேட்டு ஓடினேன்” என்று சொல்கிறோமே, இதில் ‘என்ற’ எங்கே? ஆனால் ஆங்கிலத்தில் “தி நியூஸ் தட் ஹி ஹாட் டைட்” என்றுதான் வரும், விச் வராது. ஆகவே ‘என்ற’ இயல்பாக வராத இடத்தில், வலிந்து போட்டால் பொருள் நிற்கிறதா என்று பாருங்கள். “அவர் இறந்தார் என்ற செய்தி” நிற்கிறது. “அவர் குறிப்பிட்டார் என்ற உண்மை” என்றால் பொருளே வேறாகிவிடுகிறது.

கடிதக்காரன்:
அருமை. ‘என்ற’ ஒன்றே எனக்குப் பாதி தெளிவைத் தந்துவிட்டது. இன்னும் இரண்டு சந்தேகம். தட்டை விட்டுவிட்டுப் பேசுவதைப் படங்களில் நிறையக் கேட்கிறேன், கடிதத்திலும் விடலாமா? அப்புறம் வாடிக்கையாளர் ஒருவரின் கடிதத்தில் “தி டிமாண்ட் தட் தி ஆர்டர் பி கேன்சல்ட்” என்று இருக்கிறது. அந்த ‘பி’ எழுத்துப்பிழையா?

திண்ணை வாத்தியார்:
பிழை இல்லை. டிமாண்ட், ரிக்வெஸ்ட், சஜஷன், இன்சிஸ்டன்ஸ் மாதிரி ஒன்றை நடத்தச் சொல்லும் பெயர்களுக்குப் பின்னால் வினை அடிவடிவத்திலேயே நிற்கும். “தி சஜஷன் தட் ஹி ரிசைன்”, எஸ் இல்லை. அமெரிக்கர்கள் இதை அதிகம் எழுதுவார்கள், பிரிட்டனில் “ஷுட் பி கேன்சல்ட்” என்பதும் சகஜம். ஆனால் “தி சஜஷன் தட் ஹி லைஸ்” என்றால் எஸ் உண்டு. அது அவரைச் செய்யச் சொல்வதில்லை, அவர் பொய் சொல்கிறார் என்று குறிப்புக்காட்டுவது.

தட்டை விடுவது பேச்சில் சாதாரணம். “ஐ ஹேவ் எ ஃபீலிங் ஹி வில் கால்”, “தேர்ஸ் எ சான்ஸ் இட் வில் பி லேட்” இரண்டும் காதுக்கு உறுத்தாது. கடிதத்தில், அதுவும் வாக்கியத்தின் தொடக்கத்தில், விடாதீர்கள். “தி ஃபேக்ட் தி பேமென்ட் வாஸ் லேட்” என்று ஆரம்பித்தால் படிப்பவர் ஒரு கணம் தடுக்கி விழுவார்.

மழைக்குருவி:
அப்படி ஆரம்பிக்கும்போது கடைசி வினையையும் பாருங்கள். “தி ஃபேக்ட் தட் த்ரீ இன்வாய்சஸ் ஆர் பெண்டிங்” என்பதற்குப் பிறகு இஸ்தான் வரும், ஆர் வராது. எழுவாய் ஃபேக்ட், இன்வாய்ஸ் இல்லை.

பிறகு, ரீஃபண்ட் பற்றி எழுதுகிறீர்கள் என்பதால் இது முக்கியம். “தேர் இஸ் நோ கொஸ்டின் தட் யூ வில் கெட் எ ரீஃபண்ட்” என்றால் பணம் நிச்சயம் திரும்ப வரும். “தேர் இஸ் நோ கொஸ்டின் ஆஃப் எ ரீஃபண்ட்” என்றால் பணம் திரும்புகிற பேச்சுக்கே இடமில்லை. தட்டுக்கும் ஆஃபுக்கும் நடுவில் ஒருவருடைய பணமே இருக்கிறது.

அவசரக்குடுக்கை:
எங்கள் அலுவலகத்து வார்ப்புக் கடிதத்தில் ஆஃப் போட்டுத்தான் இருக்கிறது. பணம் கொடுக்கப்போகிறவர்களுக்கும் அதே கடிதம்தான் போகிறது!

திண்ணை வாத்தியார்:
முதலில் அதை மாற்றச் சொல்லுங்கள். “யூ வில் ரிசீவ் எ ஃபுல் ரீஃபண்ட்” என்று நேராக எழுதினால் இந்த வம்பே இல்லை.