டீஃபால்ட் 9 போட்டேன், 2022 பில்லெல்லாம் 9 விழுக்காடு ஆகிவிட்டது

தேக்கா மருமகன்:
வணக்கம். சிங்கப்பூர் தேக்காவில் என் தாய்மாமாவுக்கு மளிகைக் கடை. சாப்பாட்டுக் கடைகளுக்கு அரிசி, பருப்பு, மிளகாய் மொத்தமாகப் போகும். பில் போட 2022இல் நான்தான் போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸில் டேபிள் செய்து கொடுத்தேன். அப்போது ஜிஎஸ்டி 7 விழுக்காடு, அதைப் புரோகிராமுக்குள்ளேயே எழுதிவிட்டேன். 2023இல் 8, 2024இல் 9 என்று ஏறியபோது அந்த எண்ணை மட்டும் மாற்றினேன். சரக்கு விலையும் வரித்தொகையும் பில்லுக்குப் பில் டேபிளில் இருக்கின்றன.

போன வாரம் 'வரி_விகிதம்' என்று புது ஃபீல்டு சேர்த்தேன்: நாட் நல் (காலியாக, அதாவது நல் ஆக, விடக் கூடாது), டீஃபால்ட் 9 (மதிப்பு கொடுக்காவிட்டால் தானாக நிரம்புவது). பிரிண்டும் அதை வைத்தே கணக்குப் போடும்படி மாற்றினேன். நேற்று மாமா 2022 ஆகஸ்ட் பில் ஒன்றை மறுபடி எடுத்தார். 350 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) சரக்கு. பழைய தாளில் வரி 24.50, புதுப் பிரிண்டில் 31.50. அவர் ஒன்றும் சொல்லவில்லை, இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டுப் போய்விட்டார். டீஃபால்ட்டை 7 ஆக்கிப் பார்த்தேன், பழைய பில்கள் அசையவில்லை.

இன்னொன்று. வேன் டிரைவரின் சிஎஸ்வி ஃபைலை (கமாவால் பிரித்த பட்டியல்) காப்பி (COPY) கட்டளையில் டேபிளில் ஏற்றினால், வரி_விகிதம் நல் ஆக இருக்கக் கூடாது என்று எரர். டீஃபால்ட் இருக்கும்போது நல் எங்கிருந்து வந்தது? ஐந்து வருடம் வைத்திருக்க வேண்டிய கணக்கு இது. உதவுங்கள்.

ஜூரோங் அண்ணன்:
தம்பி, பயப்படாதே. வரித்தொகையை நீ சேமித்து வைத்ததால் உண்மை பத்திரமாக இருக்கிறது.

இரண்டாவது கேள்விக்கு முதலில் வருகிறேன். காப்பிக் கடையில் 'தே ஓ' (பாலில்லாத தேநீர்) என்று மட்டும் சொன்னால் சீனி போட்டுத்தான் வரும். 'தே ஓ கோசோங்' என்றால் சீனி வராது. கோசோங் என்பதும் நீ வாய் திறந்து சொன்ன சொல். நல் அதைப் போலத்தான். புதுப் பதிவு சேர்க்கும் இன்சர்ட் கட்டளையில் அந்த ஃபீல்டின் பெயரே வராவிட்டால், அல்லது மதிப்பின் இடத்தில் டீஃபால்ட் என்ற சொல்லையே எழுதினால், அப்போதுதான் டீஃபால்ட் நிரம்பும். நல் என்று கொடுத்தால் நல்தான் போய் உட்காரும், நாட் நல் இருந்தால் எரர். சிஎஸ்வியில் கமாவுக்கும் கமாவுக்கும் நடுவே ஒன்றுமில்லாத இடத்தைக் காப்பி கட்டளை நல் என்றே படிக்கும். டிரைவரின் ஃபைலிலிருந்து அந்த ஃபீல்டை எடுத்துவிட்டு, கட்டளையிலும் அதன் பெயரை விட்டுவிடு.

பழைய பில் விஷயம். ஃபீல்டு சேர்க்கும்போது கொடுத்த டீஃபால்ட் ஏற்கெனவே இருக்கும் பதிவுகளுக்கும் சேரும். போஸ்ட்கிரஸ் 11 முதல், மாறாத மதிப்பாக இருந்தால் டேபிளைத் திருப்பி எழுதுவதில்லை. 9 என்பதை ஓரிடத்தில் குறித்துக்கொண்டு, பழைய பதிவைப் படிக்கும்போதெல்லாம் அதைக் காட்டும். பிறகு நீ 7 ஆக்கினாய். அது இனி வரப்போகும் பதிவுகளுக்கு மட்டும். அதை உடனே கவனி: மாற்றிய பிறகு போட்ட பில்களில் 7 ஏறியிருக்கும்!

சரிசெய்ய, தேதியை நம்பாதே. டிசம்பர் கடைசியில் பணம் வாங்கி ஜனவரியில் சரக்கு போன பில்கள் இருக்கும். வரித்தொகையை 100ஆல் பெருக்கி, சரக்கு விலையால் வகுத்து, முழு எண்ணாக்கி அப்டேட் செய். 7, 8, 9 தவிர எது வந்தாலும் கையால் பார்.

அப்புறம் அந்த டீஃபால்ட்டையே நீக்கிவிடு. பதிவு உண்டான நேரம், 'நிலுவை' போன்ற ஆரம்ப நிலை, இவற்றுக்கு டீஃபால்ட் நல்லது. வரி விகிதம் அரசாங்கம் சொல்வது. புரோகிராம் அதைக் கொடுக்க மறந்தால் எரர் வரட்டும். எரரை அன்றைக்கே பார்த்துவிடலாம், தப்பான 9ஐ யார் பார்ப்பார்கள்?

ஈசூன் அக்கா:
அண்ணன் சொன்னது போஸ்ட்கிரஸுக்கு. எங்கள் ஆபீஸில் எஸ்கியூஎல் சர்வர் என்ற வேறு டேட்டாபேஸ். அங்கே நல் அனுமதிக்கும் ஃபீல்டைச் சேர்த்தால், 'வித் வேல்யூஸ்' என்று சொன்னால்தான் பழைய பதிவுகளுக்கு டீஃபால்ட் போகும், இல்லாவிட்டால் நல். ஆரக்கிள் டேட்டாபேஸில் 12சி முதல் 'டீஃபால்ட் ஆன் நல்' உண்டு, நல் கொடுத்தாலும் நிரப்பிவிடும்.

பில் தேதிக்கு கரண்ட் டேட் (இன்றைய தேதி) டீஃபால்ட் வைத்திருக்கிறீர்களா? சர்வர் யுடிசி என்ற உலகப் பொது நேரத்தில் ஓடினால் நாம் 8 மணி நேரம் முன்னால். காலை 8 மணிக்கு முன் போட்ட பில்லில் நேற்றைய தேதி விழும்.

தேக்கா மருமகன்:
அக்கா, அப்படித்தான் வைத்திருக்கிறேன்! ஆறு மணிக்கே கடை திறந்துவிடுவோம். டேட்டாபேஸின் நேர மண்டலத்தை ஏஷியா/சிங்கப்பூர் ஆக்கிவிட்டேன், நாளைக் காலை முதல் பில்லில் பார்க்கிறேன்.

அண்ணா, அப்டேட் முடிந்தது. 24.50 திரும்பி வந்துவிட்டது. டீஃபால்ட்டை 7 ஆக்கிய பிறகு போட்ட இரண்டு பில்லும் அதிலேயே 9க்கு வந்துவிட்டன. மூன்று பில்கள் மட்டும் 7, 8, 9 எதிலும் சேரவில்லை. மாமா தாள் பில் கட்டை அவிழ்த்துத் தேடிக்கொண்டிருக்கிறார்.