மறு: உட்பொதித்தலா, குடிவைத்தலா?

வணக்கம். ஒரு நிரலுக்குள் இன்னொரு நிரல்மொழியை வைத்து ஓட்டுவதற்கு (embedding) நான் சொன்ன 'குடிவைத்தல்' என்ற சொல்லைப் பற்றி நீங்கள் கேட்டது:

> 'உட்பொதித்தல்' ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறதே, இன்னொன்று எதற்கு?

புழக்கத்தில் இருப்பதுதான் சிக்கலே. வாஷிங் மெஷினுக்குள் கிடக்கும் சிப்புக்கும் அதே சொல், வலைப்பக்கத்தில் காட்டும் காணொளிக்கும் அதே சொல், சி மொழியில் எழுதிய நிரலுக்குள் லுவா என்ற சின்ன நிரல்மொழியை வைப்பதற்கும் அதேயா? பொதி என்றால் எனக்குக் கழுதை மேல் ஏற்றுகிற மூட்டைதான் ஞாபகம் வருகிறது. ஏற்றிவிட்டால் பேசாமல் கிடக்கும். லுவா அப்படிக் கிடக்காது.

கிருஷ்ணகிரியில் ஒரு மாங்கூழ் ஆலையின் எடைமேடைக்கு நிரல் எழுதினேன். எடை எடுப்பது, ரசீது அடிப்பது எல்லாம் சி. ஆனால் பெங்களூராவுக்கு எவ்வளவு கழிவு, அல்போன்சாவுக்கு என்ன விலை என்பது சீசனில் நாளுக்கு நாள் மாறும், ஒவ்வொரு தடவையும் கம்பைல் செய்ய நான் அங்கே போய் உட்கார முடியுமா, அதனால் அந்தக் கணக்கை மட்டும் லுவாவில் எழுதித் தனிக் கோப்பில் வைத்துவிட்டேன், கணக்கரே திருத்திக்கொள்வார். "இந்த லாரிக்கு எவ்வளவு?" என்று சி லுவாவைக் கேட்கும். "எடை என்ன?" என்று லுவா, நான் பதிந்து கொடுத்த சி செயற்கூறு (function) ஒன்றைத் திருப்பிக் கேட்கும். இரண்டு பக்கத்துப் பேச்சும் நடுவில் உள்ள ஓர் அடுக்கின் (stack) வழியாகத்தான் போகும். இதில் எது பொதி?

அதனால்தான் குடிவைத்தல். வீடு சி-யுடையது. எந்த அறையைத் திறப்பது என்பது வீட்டுக்காரர் பாடு: சரம், கணித நூலகங்களைத் திறந்துவிட்டேன், கோப்பையும் இயங்குதளத்தையும் தொடுகிறவற்றைப் பூட்டியே வைத்தேன். ஒரே வீட்டில் மூன்று குடிகூட வைக்கலாம், ஒருவர் சாமான் மற்றவர் கையில் படாது. காலி செய்தால் பிடித்திருந்த நினைவகமும் திரும்பிவிடும்.

முதல் சீசனில் லுவாவைக் கூப்பிட, பிழையைப் பிடிக்காத பாதுகாப்பில்லாத அழைப்பைப் போட்டிருந்தேன். செந்தூராவுக்கு விலை பதிய மறந்த அன்றைக்கு, லுவா எடையை இல்லாத விலையோடு பெருக்கப் போய், குடியிருந்தவரோடு வீடும் சேர்ந்து விழுந்தது. லாரி வரிசை ரோடு வரைக்கும் நின்றது. என் தப்புதான். பி-கால் என்ற அழைப்பைப் போட்டிருந்தால் பிழை ஒரு செய்தியாக என் கைக்கு வந்திருக்கும்.

இப்படிக் குடிவைக்கும் மொழிக்குத் தருமபுரி அண்ணன் சொன்ன 'ஒட்டுமொழி' அழகாகத்தான் இருக்கிறது, சந்தூர் நர்சரி ஒட்டுக்கன்றைப் பார்த்து வளர்ந்தவனுக்குப் பிடிக்காமல் போகுமா? ஆனால் மொழியியலில் ஒட்டுநிலை மொழி என்றால் தமிழே அதுதான், குழப்பம் வரும். ஒட்டுப் போட்டதைப் பிறகு காலி செய்யவும் முடியாது.

இன்டர்பிரட்டருக்குச் சொல்லும் 'வரிமொழிமாற்றி' பற்றியும் ஒரு வார்த்தை. லுவா வரிவரியாக மாற்றுவதில்லை. கோப்பு முழுவதையும் முதலில் பைட்கோடு என்ற இடைநிலைக் கட்டளைகளாக்கி, அப்புறம்தான் ஓட்டுகிறது. அந்த 'வரி'யை எடுத்துவிடலாம்.

வீடாக இருக்கும் நிரலுக்கு 'மனைநிரல்' சரிப்படுமா, அண்ணா?