மறு: ஸ்டார்ம் சர்ஜ் – புயல் அலையா, கடலேற்றமா?

அன்பு நண்பர்களுக்கு, வணக்கம்.

உயர்நிலைப் பள்ளிப் புவியியலுக்கான சொற்பட்டியலில் மற்றதெல்லாம் முடிந்துவிட்டது. ஸ்டார்ம் சர்ஜ், அதாவது புயலின்போது கடல்நீர் ஏறி ஊருக்குள் வருவது, இதற்கான தமிழ்ச்சொல் ஒன்றுதான் இழுத்துக்கொண்டே போகிறது. வந்த மடல்களை வரிசையாக எடுத்துக்கொள்கிறேன்.

> "புயல் அலை" என்றே வைத்துவிடலாமே. பழகிய சொல்தானே?

பழகிய சொல்தான். ஆனால் அலை என்றால் வரும், உடையும், திரும்பிப் போகும். இங்கே நடப்பது வேறு. காற்று மணிக்கணக்கில் தண்ணீரைக் கரைப் பக்கம் தள்ளிக்கொண்டே இருக்கிறது. ஆழமில்லாத கடலில் அது கீழே இறங்கித் திரும்பிப் போக வழியில்லை. கடல்மட்டமே ஏறி ஊருக்குள் வருகிறது, வந்தால் சில மணி நேரம் நிற்கவும் செய்கிறது. அலைகள் அந்த ஏறிய நீருக்கு மேலே அடிப்பவை.

காற்றழுத்தம் குறைவதால்தான் கடல் உயர்கிறது என்று எழுதும் மாணவர்கள் நிறைய. அது சிறு பங்குதான். அழுத்தம் ஒரு மில்லிபார் குறைந்தால் நீர் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் உயரும். 1999 அக்டோபர் 29-இல் ஒடிசாவைத் தாக்கிய பெரும்புயலின் நடுவில் அழுத்தம் 912 மில்லிபார். இயல்பு 1013. கழித்துப் பாருங்கள், ஒரு மீட்டர் வருகிறது. பாராதீப் பக்கம் ஏறியதோ 5 மீட்டருக்கு மேல். மிச்சமெல்லாம் காற்றின் வேலை. கரும்பலகையில் இரண்டு வரியில் போட்டுக் காட்டலாம்.

> சுனாமி ஆழிப்பேரலை என்றால், இது "புயல் பேரலை".

வேண்டாம் ஐயா. தனுஷ்கோடியைச் சுனாமி அழித்தது என்று இன்றும் வாட்சப்பில் சுற்றுகிறது. 1964 டிசம்பர் 22 இரவு பாம்பனிலிருந்து போன பயணிகள் ரயிலைக் கடல் கொண்டுபோனது புயலால்; கடலடி நிலநடுக்கம் எதுவும் இல்லை. இரண்டுக்கும் பேரலை என்று பேர் வைத்தால் இந்தக் குழப்பத்தை நாமே பாடநூலில் ஏற்றிவிடுகிறோம். சுனாமிக்கு நிலநடுக்கம்தான் முன்னறிகுறி, நேரமும் குறைவு. புயல் வருவது நாள்கணக்கில் முன்பே தெரியும். தப்பிக்கும் முறையே வேறு.

சொல் சரியில்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு பிலிப்பைன்ஸின் டாக்லோபன் நகரம் இருக்கிறது. 2013 நவம்பர் 8-இல் ஹையான் புயல் கரையேறியது. 7 மீட்டர் வரை நீர் ஏறலாம் என்று வானிலைத் துறை முன்கூட்டியே சொல்லியிருந்தது. ஆனால் அறிவிப்பில் இருந்தது 'ஸ்டார்ம் சர்ஜ்' என்ற ஆங்கிலச் சொல். அது என்னவென்று பலருக்கும் புரியவில்லை. காற்றுக்குத் தாங்கும் கட்டடம் போதும் என்று கரையோரத்திலேயே ஒதுங்கினார்கள். சுனாமி மாதிரி வரும் என்றிருந்தால் ஓடியிருப்போமே என்றார்கள் பிழைத்தவர்கள். அந்தப் புயலில் இறந்தவர்கள் 6,000 பேருக்கு மேல். ஆகவே நம் சொல் வானொலியில் ஒருமுறை கேட்டாலே விளங்க வேண்டும். தேர்வுத்தாள் இரண்டாம்பட்சம்.

> எங்கள் பாடநூல்களில் ஓதத்தை (கடல் நாள்தோறும் ஏறி இறங்குவதை) வற்றுப்பெருக்கு என்போம். அந்த வழியில் "புயற்பெருக்கு" என்றால் பிள்ளைகளுக்கு உடனே விளங்கும்.

யாழ்ப்பாணத்து ஆசிரியை சொன்ன இந்தச் சொல் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. 1964 புயல் மன்னாரையும் விடவில்லை என்பதால் இரு கரைக்கும் ஒரே சொல் அமைந்தால் நல்லதுதான். ஒரே தயக்கம்: இங்கே பெருக்கு என்றதும் ஆறுதான் நினைவுக்கு வரும். புயல் மழையால் ஆற்று வெள்ளமும் வரும், கடல்நீரும் வரும். எது என்று பெயரிலேயே தெரிய வேண்டாமா? மழை வெள்ளம் வடிந்ததும் நடவு செய்யலாம். உப்புநீர் ஏறிய வயல் அவ்வளவு சீக்கிரம் தேறாது.

> நாகப்பட்டினம் பக்கம் மீனவர்கள் "கடல் ஏறிடுச்சு" என்றுதான் சொல்கிறார்கள்.

இதைத்தான் தேடிக்கொண்டிருந்தோம். கடலேற்றம். புயலால் என்று சொல்ல வேண்டிய இடத்தில் "புயல் கடலேற்றம்". அறிவிப்பாளர் "இரவு 3 மீட்டர் வரை கடல் ஏறும்" என்று வினையாகவே சொல்லிவிடலாம். "புயல் எழுச்சி" என்ற சொல்லை வைத்துக்கொண்டு அப்படிச் சொல்ல முடியாது. மீனவர் சொல் அறிவியலுக்கு ஆகுமா என்று கேட்பவர்களுக்கு: காற்றே இல்லாத நாளில் தொலைதூரத் தென்கடலிலிருந்து வந்து கரையில் ஏறும் அலைகளுக்குக் கேரள மீனவர் வைத்த பெயர் 'கள்ளக்கடல்'. 2012-இல் யுனெஸ்கோ அதை ஏற்றது. இன்றைக்குக் குமரிக் கடற்கரைக்கு எச்சரிக்கை வருவதும் அந்தப் பெயரில்தான்.

"புயல் ஓதம்" என்று சிலர் எழுதியிருந்தீர்கள். அதை வீணாக்க வேண்டாம், ஸ்டார்ம் டைடுக்கு வைத்துக்கொள்வோம். கடலேற்றமும் அந்நேரத்து ஓதமும் சேர்ந்த மொத்த உயரம் அது. சென்னையில் ஓத வேறுபாடே ஒரு மீட்டரைச் சுற்றித்தான் என்பதால் நமக்கு இது பெரிதாகத் தெரியாது. வங்காளக் கழிமுகத்தில் பல மீட்டர். புயல் உயர் ஓதத்தில் கரையேறுகிறதா, தாழ் ஓதத்திலா என்பதில் உயிர்கள் இருக்கின்றன.

ஒரு மறுப்பு நியாயமானது: காலநிலை மாற்றப் பாடத்தில் வரும் 'கடல்மட்ட உயர்வு' இதோடு குழம்பாதா? இரண்டையும் ஒரே பக்கத்தில் வைத்துவிட்டால் குழம்பாது என்பது என் எண்ணம். உயர்வு மெதுவானது, 1901 முதல் 2018 வரை உலக சராசரி சுமார் 20 செ.மீ. ஏற்றம் ஓரிரவில் நடப்பது. உயர்ந்துவிட்ட மட்டத்திலிருந்துதான் இனி ஏற்றம் தொடங்கும், அதனால் அதே வலுவுள்ள புயல் இன்னும் உள்ளே வரும்.

பட்டியலுக்கு என் வரைவு:

புயல் கடலேற்றம் – புயல் காற்று தள்ளுவதாலும் காற்றழுத்தம் குறைவதாலும், ஓதத்தால் வரும் மட்டத்துக்கு மேலாகக் கடல்நீர் ஏறி நிலத்துக்குள் புகுதல். இலங்கைக்கான பரிந்துரை: புயற்பெருக்கு.

"கடல்நீர் ஏறி" என்பதா "கடல்மட்டம் ஏறி" என்பதா என்பதில் மட்டும் எனக்கு இன்னும் தெளிவில்லை. பாடம் நடத்துகிறவர்கள் சொல்லுங்கள், திருத்திவிடுகிறேன்.

அன்புடன்.