டைல்ஸ் தரைக்கு ஏற்ற வீட்டுச் செருப்பு எது?

வணக்கம். கொழிஞ்சாம்பாறையில் இருக்கிறோம். அம்மாவுக்கு நாள்பட்ட குதிகால் வலி. வீடு முழுக்க டைல்ஸ் தரை. காலையில் வைக்கிற முதல் அடிதான் கொடுமை. ராத்திரி சுருங்கிக் கிடந்த உள்ளங்கால் தசைநார் அப்போது இழுபடுகிறதாம்.

வாங்கிய எம்.சி.ஆர். (நுண்ணிய காற்றறைகள் கொண்ட ரப்பர்) செருப்பு மெத்தென்று இருக்கிறது, ஆனால் தட்டை. பாதத்தின் வளைவைத் தாங்கி, குதிகாலைக் குழிவாகப் பிடிக்கிற மாதிரி, பின்வாரோடு வேண்டும். ஈரத் தரையில் வழுக்கவே கூடாது, அதுதான் எனக்குப் பெரிய பயம். வீட்டுக்குள் செருப்பா என்று தயங்கிய அம்மாவும், பூஜை அறை தவிர மற்ற இடத்தில் போடுகிறேன் என்று சம்மதித்துவிட்டார்.

பாலக்காட்டிலோ பொள்ளாச்சியிலோ போட்டுப் பார்த்து வாங்க நல்ல கடை உண்டா? சாதாரணச் செருப்புக்குள் சிலிகான் பேட் வைத்தால் போதுமா? இதே வலி உள்ளவர்கள் எதைப் போடுகிறீர்கள், சொல்லுங்களேன்.