நாகப்பட்டினம் பழைய கிட்டங்கி: ஓட்டில் 1865 என்று இருக்கிறது, கட்டடமும் அந்த வருஷம்தானா?

நாகைவாசி:
வணக்கம். எங்கள் தாத்தா கணக்கு எழுதிய கிட்டங்கி (சரக்கு வைக்கும் கிடங்கு) ஒன்று துறைமுகத்துக்குப் போகும் வழியில் பூட்டிக் கிடக்கிறது. சீக்கிரம் இடிக்கப் போகிறார்களாம், அதற்குள் ஒருமுறை பார்த்துக்கொள் என்று இப்போதைய சொந்தக்காரர் சாவி கொடுத்தார். கீழே விழுந்து கிடந்த ஓட்டைத் துடைத்தால் பாசல் மிஷன், மங்களூர், 1865 என்று ஆங்கிலத்தில் அச்சு. உள்சுவரில் கரிக்கோடுகள், நாலு கோட்டுக்குக் குறுக்கே ஒன்றாக, ஆள் உயரத்துக்கு மேலே வரைக்கும். மூட்டை எண்ணியதாக இருக்கும். இந்தக் கட்டடத்தின் வயதை எப்படிக் கண்டுபிடிப்பது?

திருவாரூர் ஓட்டுவீடு:
அந்த 1865 உங்கள் கட்டடத்தின் வருஷம் இல்லைங்க. பாசல் மிஷன் என்ற சுவிஸ் கிறிஸ்தவ மிஷன்காரர்கள் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கிய வருஷம் அது. அதையே அச்சில் சேர்த்து அடித்தார்கள், அதனால் ஓடு அதற்குப் பிறகு எப்போது வேண்டுமானாலும் ஏறியிருக்கலாம். கொஞ்சம் அண்ணாந்து பாருங்கள். கைமரம் (கூரையின் சாய்வு மரம்) நெருக்கமாக இருந்து, அதன்மேல் ஓட்டைத் தாங்கும் ரீப்பர் சட்டம் மட்டும் புதுசாகத் தெரிந்தால், முதலில் நாட்டு ஓடு போட்டிருந்து பின்னால் மாற்றியிருக்க வாய்ப்பு அதிகம். எங்கள் வீட்டிலும் அப்படித்தான், சுவர் ஓட்டைவிட மூத்தது.

ரயிலடி:
வாசல் எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது, ஆற்றையா ரயிலடியையா? நாகையில் பெரிய கப்பல் கரைக்கு வராது, வெளியே நங்கூரம் போட்டு நிற்கும், சரக்கெல்லாம் படகில்தான் போக வேண்டும். பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போன ரஜூலா கப்பல் காலத்திலும் அதே கதைதான். கடல் கொந்தளித்தால் படகு இறங்காது, அதுவரை மூட்டை நனையாமல் கிடக்க இடம் வேண்டும், அதனால் கிட்டங்கி இல்லாமல் இந்த ஊரில் வியாபாரமே நடந்திருக்காது. தஞ்சாவூர் ரயில் வந்தது 1861-ல். வாசல் தண்டவாளத்தைப் பார்த்து இருந்தால் அதற்குப் பிந்தியது என்பது என் கணிப்பு. ஆற்றைப் பார்த்திருந்தால் அவசரப்பட்டு முடிவு கட்டாதீர்கள். 1658 முதல் 1781 வரை டச்சுக்காரர்கள் இருந்த ஊர், பழைய அடித்தளத்தின் மேலேயே திரும்பக் கட்டியிருக்கலாம்.

பத்திரம் படிப்பவன்:
கட்டடத்தோடு காகிதத்தையும் பாருங்கள். சர்வே நம்பரை வைத்து, பழைய வருஷங்களுக்கான வில்லங்கத்துக்கு (சொத்தின் மீது பதிவான பத்திரங்களின் பட்டியல்) சார்பதிவாளர் அலுவலகத்தில் நேரில் மனுப் போடுங்கள். மூலப்பத்திரம் கிடைத்தால் நான்கெல்லையை, அதாவது நாலு பக்கமும் என்ன இருக்கிறது என்று எழுதியிருக்கும் பகுதியைப் படியுங்கள். அதில் கிட்டங்கி, பண்டசாலை, காலிமனை என்று என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் சாட்சி. பக்கத்து மனைகளின் பத்திரத்தையும் விடாதீர்கள், சில சமயம் நம் கட்டடம் அவர்கள் எல்லையில்தான் முதலில் பேர் எடுக்கும்.

நாகைவாசி:
எல்லோருக்கும் நன்றி. இப்போதுதான் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். பெரிய வாசல் ஆற்றுப் பக்கம்! ரயிலடிப் பக்கம் இருக்கும் கதவு சின்னது, சுவரை உடைத்துப் பிறகு வைத்த மாதிரி ஓரமெல்லாம் சிமெண்ட் பூச்சு. கைமரமும் நெருக்கமாகத்தான் இருக்கிறது. கரிக்கோடுகளை ஒன்றுவிடாமல் படம் எடுத்துவிட்டேன். திங்கட்கிழமை சார்பதிவாளர் அலுவலகம் போகிறேன்.