உலர்ந்த கல்லில் ஒரு வேகம், நனைந்த கல்லில் வேறு வேகம்: கருவியில் கோளாறா?

செந்தூரம்:
வணக்கம். முதுகலை ஆய்வேட்டுக்காக ஒரு கிரானைட் உருளையில் அலை வேகம் அளந்துகொண்டிருக்கிறேன். விட்டம் 54 மி.மீ., நீளம் 108 மி.மீ. அடுப்பில் 105 டிகிரியில் ஒரு நாள் உலர்த்தி அளந்தபோது பி அலை (கல்லை அமுக்கி விரித்தபடி செல்லும் அலை) கடக்க 26.5 மைக்ரோவினாடி ஆனது, நொடிக்கு 4.08 கி.மீ. அதே கல்லுக்கு வெற்றிடத்தில் தண்ணீர் ஏற்றி அளந்தால் 19.8 மைக்ரோவினாடி, அதாவது 5.45 கி.மீ. எஸ் அலையோ (கல்லைக் குறுக்காக அசைத்தபடி செல்லும் அலை) ஏறக்குறைய அப்படியே நிற்கிறது: முதலில் 2.60, பிறகு 2.63.

எடை போட்டும் பார்த்தேன். 653 கிராம் கல் குடித்தது வெறும் 2 கிராம் தண்ணீர். அது வேகத்தை மூன்றில் ஒரு பங்கு உயர்த்துமா? நான்கு முறை திரும்பச் செய்துவிட்டேன். மாதிரியைத் தூக்கிப் போடுவதா, கருவியைப் பழுதுபார்க்க அனுப்புவதா என்று தெரியாமல் நிற்கிறேன்.

கல்திட்டை:
முதலில் அலுமினிய உருளை ஒன்றை அளந்து பாருங்கள். 6.3, 6.4 கி.மீ. வந்தால் கருவி சரி. எஸ் அலைக்கு உணர்கருவியை எதை வைத்து ஒட்டுகிறீர்கள்?

செந்தூரம்:
அலுமினியத்தில் 6.35 வருகிறது. எஸ் அலைக்குத் தேன்தான் தடவுகிறேன் ஐயா. இரண்டு தடவையும் அதே தேன், அதே இறுக்கம்.

ஆழ்நிலம்:
கருவியை எங்கும் அனுப்ப வேண்டாம் அம்மா. உங்கள் அளவு சரி. அந்த 2 கிராம் எங்கே போய் உட்கார்ந்திருக்கிறது என்பதுதான் கேள்வி.

கிரானைட்டில் இருப்பவை உருண்டைத் துளைகள் அல்ல. படிகங்களின் விளிம்பிலும் குறுக்கிலும் ஓடும் நுண்விரிசல்கள். நீளத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட அகலம் இராது. காற்று மட்டும் இருக்கும்போது பி அலையின் அமுக்கத்துக்கு அந்த இடைவெளி உடனே வளைந்துகொடுக்கும். கல் தன் வலுவைக் காட்டவே முடியாது. தண்ணீர் புகுந்ததும் கதை மாறுகிறது. காற்று தண்ணீரைவிட 15,000 மடங்குக்கும் மேல் எளிதாக அமுங்கும். ஆகவே விரிசலின் இரு சுவர்களும் இப்போது நெருங்க முடியாமல் தண்ணீர் தாங்கிப் பிடிக்கிறது. எஸ் அலை செய்வது சறுக்கல். சறுக்கலைத் தண்ணீர் தடுக்காது, அதனால்தான் அந்த வேகம் அசையவில்லை. ஆமோஸ் நூரும் ஜீன் சிம்மன்ஸும் 1969-இல் துளைமை குறைந்த பாறைகளில் இதே போக்கைக் கண்டார்கள்.

உங்கள் எண்களை வைத்துப் பாய்சான் விகிதத்தை, அதாவது ஒரு திசையில் அமுக்கினால் கல் பக்கவாட்டில் எந்த விகிதத்தில் விரியும் என்பதை, கணக்கிட்டேன். உலர்ந்த கல்லில் 0.16, நனைந்த கல்லில் 0.35. ஒரே கல்! ஆய்வேட்டில் இதைத் தனி அட்டவணையாகவே போடுங்கள், மனம் நிறைகிறது.

அடுப்பைப் பற்றி ஓர் எச்சரிக்கை: சூடான கல்லைச் சட்டென்று வெளியே எடுக்காதீர்கள். படிகங்கள் வெவ்வேறு அளவில் சுருங்கிப் புது விரிசல் விடும். அடுப்பிலேயே ஆற விடுங்கள்.

செந்தூரம்:
மிக்க நன்றி ஐயா. இன்னொரு சிக்கலும் இருக்கிறது. ரப்பர் உறை போட்டு அழுத்தக் கலத்தில் 100 மெகா பாஸ்கல் வரை ஏற்றினேன். உலர்ந்த கல்லின் எஸ் அலை 2.60-இலிருந்து 3.35 வரை போனது. நனைந்த கல்லில் 2.63-இலிருந்து 2.71-உடன் நின்றுவிட்டது. உறை கிழிந்திருக்குமோ?

ஆழ்நிலம்:
வடிகால் வால்வு திறந்திருந்ததா, மூடியிருந்ததா?

செந்தூரம்:
மூடியிருந்தது. தண்ணீர் வெளியேறிக் கல் காய்ந்துவிடக் கூடாது என்று நினைத்தேன்.

ஆழ்நிலம்:
அங்கேதான் சிக்கல். வெளியே நீங்கள் அழுத்த அழுத்த, போக வழியில்லாத தண்ணீரின் அழுத்தமும் கூடவே ஏறுகிறது. விரிசலுக்குத் தெரிவது பெரும்பாலும் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் மட்டுமே. நீங்கள் 100 என்று எழுதியிருந்தாலும் விரிசல் உணர்ந்தது மிகக் குறைவாக இருக்கும். வால்வைத் திறந்து, தண்ணீர் அழுத்தத்தைத் தாழ்வாக நிலையாக வைத்து அளந்து பாருங்கள். ஆயிரத்துக்கு ஒன்று அகலமுள்ள விரிசல் கிரானைட்டில் 60 மெகா பாஸ்கல் அளவில் மூடிக்கொள்ளும், அதற்குப் பிறகு வேகம் மெதுவாகத்தான் ஏறும்.

அவசரப்பட வேண்டாம். விரிசல் மூட மூடத் தண்ணீர் வெளியேறும் வழியும் குறுகும். அமெரிக்காவின் வெஸ்டர்லி கிரானைட்டில் பிரேஸ் என்ற ஆய்வாளரின் குழுவினர் 1968-இல் அளந்தபோது, 10 மெகா பாஸ்கலில் 350 நானோடார்சியாக (டார்சி என்பது அதற்கான அலகு) இருந்த ஊடுருவு திறன், அதாவது நீரைத் தன் வழியே போகவிடும் திறன், 400-இல் 4 ஆகச் சுருங்கியது. ஒவ்வொரு படியிலும் வேகம் நிலைக்கும் வரை காத்திருந்து குறித்துக்கொள்ளுங்கள்.

கல்திட்டை:
மின்தடையும் அளக்க முடிந்தால் அளந்துவிடுங்கள். நனைந்த கல்லில் மின்சாரம் ஓடுவது விரிசல் நீர் வழியாகத்தான். அழுத்தம் ஏற ஏற மின்தடை உயரும். வேகத்தோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தால் விரிசல் மூடுவது இரண்டு சாட்சிகளோடு தெரியும்.

செந்தூரம்:
நான்கு நாட்கள் ஆகிவிட்டன, மன்னிக்கவும். வால்வைத் திறந்து, 10 மெகா பாஸ்கல் படிகளாக, ஒவ்வொன்றிலும் ஒரு மணி நேரம் காத்திருந்தேன். நனைந்த கல்லின் எஸ் அலை 100-இல் 3.33 வந்துவிட்டது. வடிகால் குழாய் முனையில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் சேர்ந்ததை என் கண்ணால் பார்த்தேன். அழுத்தத்தை இறக்கும்போது மட்டும் வேகம் ஏறிய வழியே இறங்கவில்லை. ஒவ்வொரு படியிலும் சற்று உயரமாகவே நிற்கிறது. இதையும் அப்படியே பதிவு செய்யலாமா?

ஆழ்நிலம்:
ஆம். சுவர்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்வதால் மூடிய விரிசல் உடனே திறப்பதில்லை. ஏற்றம், இறக்கம் இரண்டையும் தனித்தனிக் கோடாக வரையுங்கள்.