இரண்டரை அடிச் சந்தில் கழிவுநீர்க் குழாய்: மண் சரிகிறது, எப்படித் தோண்டுவது?

கொடுங்கையூரில் எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுச் சுவருக்கும் நடுவே இரண்டரை அடிச் சந்து. குளியலறை, சமையலறைத் தண்ணீர் அதன் அடியிலுள்ள பழைய ஸ்டோன்வேர் (சுட்ட களிமண்) குழாய் வழியாகத் தெருப்பக்கச் சேம்பருக்கு (கழிவுநீர் சேரும் தொட்டிக்கு) போகிறது. போன மழையிலிருந்து தண்ணீர் எதிர்த்து வருகிறது. கம்பி விட்டால் ஒரே இடத்தில் முட்டி நிற்கிறது. ஜெட்டிங் (அழுத்தத்தில் தண்ணீர் பீய்ச்சி அடைப்பு எடுப்பது) அடித்தும் சில நாளில் பழையபடி ஆகிவிட்டது. குழாய் உடைந்து மண் இறங்கியிருக்கிறது என்கிறார் பிளம்பர்.

புதிதாக 4 அங்குலப் பிவிசி போட வேண்டும். நீளம் 35 அடி. அறுபதுக்கு ஒன்று வாட்டம் (அறுபது அடிக்கு ஓரடி சரிவு) வைத்தால் கடைசியில் 7 அங்குலம் இறங்கும், அதனால் சேம்பர் பக்கம் மூன்றடி ஆழம் தேவை. சின்ன பொக்லைன்கூட கேட்டைத் தாண்டித் திரும்பாது. ஆள் வைத்துத் தோண்டினோம். குனிந்து கடப்பாரை போடவே இடமில்லை, மண்ணைச் சட்டியில் அள்ளி வாசலுக்குக் கொண்டுவர வேண்டும். அதையாவது சமாளிக்கலாம். இரண்டடியிலேயே ஊற்று வந்து, மணல் பக்கவாட்டில் சரிகிறது. பக்கத்து வீடு பழைய செங்கல் கட்டடம், அஸ்திவாரம் அதிக ஆழமில்லை. அங்கே வயதான தம்பதி இருக்கிறார்கள். சுவர் விரிசல் விட்டால் என்ன செய்வது என்று பயந்து வேலையை நிறுத்திவிட்டோம். மறுபக்கம் சந்தே இல்லாததால் குழாயை மாற்றிக் கொண்டுபோகவும் வழியில்லை.

நான்கு அடி தோண்டி, குழாய் போட்டு, மூடிவிட்டு அடுத்த நான்கு அடிக்குப் போகலாம் என்கிறார் மேஸ்திரி. இப்படி ஊறும் மணலில் அது போதுமா, அல்லது இருபுறமும் பலகை வைத்து முட்டுக் கொடுத்துத்தான் தோண்ட வேண்டுமா?